கைகாட்டி மேடம்

மொரப்பூரிலிருந்தும் பொம்மிடியிலிருந்தும் வந்து படித்த பிள்ளைகள்தான் அவருக்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கைகாட்டி. யாராவது "மேடம், அது வந்துங்க..." என்று ஆரம்பித்தால் போதும். அவருடைய இடது உள்ளங்கை நெஞ்சுக்கு நேராக எழுந்து நிற்கும். வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"காரணம் வேண்டாம். இனிமே என்ன செய்யப் போறீங்க, அதச் சொல்லுங்க."

பஸ் பழுதாகி நின்றுவிட்டது, வயிற்றுவலி, பெரியப்பா தவறிவிட்டார், மாடு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, எதுவும் அந்தக் கையைத் தாண்டிப் போனதில்லை. திட்டமாட்டார். நீ சொல்வது பொய் என்றும் சொல்லமாட்டார். பொய்யா மெய்யா என்று பார்க்கவே அவருக்கு விருப்பமில்லை. நடந்தது நடந்துவிட்டது, நாளைக்கு வருவாயா மாட்டாயா என்பது ஒன்றுதான் கேள்வி. பொய் சொல்லிப் பழகிய பையன்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த கதையை அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.

எங்கள் தர்மபுரிக் கல்லூரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு விரிவுரையாளரை டியூட்டர் என்று போட்டிருப்பார்கள். விடுப்பு, வருகைப் பதிவு, மதிப்பெண், வீட்டுக்குச் சேதி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. வரலாறு படித்த எங்களுக்கு டியூட்டர் அவர். தெற்கே ஏதோ ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர். தர்மபுரியில் பென்னாகரம் போகிற சாலையில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்குக் கல்லூரியில் பல கதைகள் இருந்தன. அவரிடம் போய்க் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. சாயம் போகாத கெட்டி நூல் புடவை, இறுக்கி முடிந்த கொண்டை, சாக்குக்கட்டித் தூளைத் துடைக்க ஆம்பிளைகள் வைத்திருப்பதுபோல் ஒரு பெரிய கைக்குட்டை. முப்பது வயது இருக்கும். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர்.

நான் கல்லூரிக்குத் திரும்பி வந்தவள். முதல் தடவை பி.ஏ. சேர்ந்து பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம் என் கணவர் ஒருநாள் காலையில் மொரப்பூர் ஸ்டேஷனில் வண்டி ஏறிப் போனார். திரும்பி வரவில்லை. செத்துப்போனார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பட்டம் வாங்கினால் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கிடைக்கும், பிறகு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அண்ணன்தான் மறுபடியும் சேர்த்துவிட்டார்.

அவர் போன பிறகு கழிந்த நாலு வருஷத்தில் என்னிடம் "ஏன் போனான்?" என்று கேட்காதவர்கள் கிடையாது. மளிகைக் கடைக்காரர் கேட்டார். தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். பரிதாபப்பட்டுக் கேட்டவர்கள் உண்டு. நான்தான் ஏதோ செய்து துரத்திவிட்டேன் என்று முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டவர்கள்தான் அதிகம். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைக்குப் போய் நின்றபோதும், "ஏம்மா நடுவுல இத்தன வருஷம்?" என்று கேட்டார் குமாஸ்தா. நான் சொல்லச் சொல்லப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்து மேஜைக்காரரும் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து டியூட்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். உள்ளே போய், "மேடம், நான் நடுவுல நின்னதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

கை எழுந்தது.

"நின்னாச்சு. இப்ப வந்தாச்சு. மொரப்பூர் பஸ் முதல் வகுப்புக்கு முன்னால வந்துடுமா?"

"வந்துடுமுங்க மேடம்."

"அப்ப சரி. நாளைக்கு வாங்க."

அவ்வளவுதான். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவுவதுபோல் நின்று அழுதேன். நாலு வருஷத்தில் என்னைக் கேட்காமல் விட்ட முதல் ஆள் அவர்தான்.

பெண்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். என்னை எல்லோரும் அக்கா என்பார்கள். ஒருநாள் வகுப்பில் பின்வரிசைப் பையன் ஒருவன், "அக்கா, மாமா இப்ப எந்த ஊர்ல இருக்காரு?" என்று சத்தமாகக் கேட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மேடம் திரும்பாமலே, "அது பாடத்துல இருக்கா?" என்றார். வகுப்பே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கல்லூரிக்குள் யாரும் என் கணவர் பேச்சை எடுக்கவில்லை. மேடத்துக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

கனகா என்னோடு படித்தவள். பொம்மிடிக்குத் தள்ளி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். காலையில் ரயில் ஏறி மொரப்பூரில் வந்து இறங்குவாள். அங்கிருந்து இருவரும் ஒன்றாகப் பஸ் பிடிப்போம். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவள். வெடுக் வெடுக்கென்று பேசுவாள். நடையே ஓட்டம்போல இருக்கும். மேடம் வகுப்பில் கேட்கிற கேள்விக்கெல்லாம் முதல் கை அவளுடையதாக இருக்கும்.

இரண்டாம் வருஷம் ஆடி மாதக் காற்றில் அவளுக்கு இருமல் பிடித்தது. புழுதிதான் காரணம் என்று நினைத்தோம். ஆவணி போயிற்று, புரட்டாசியும் வந்தது, இருமல் போகவில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவாள். சாயங்காலமானால் கண் பளபளவென்று இருக்கும், தொட்டால் சுடும். இடையிடையே கல்லூரிக்கு வராமல் நின்றாள். ஒருநாள் தாவணி முனையை மறைத்து மடித்தபோது நான் பிடித்து விரித்துப் பார்த்தேன்.

"எத்தன நாளா கனகா?"

"பத்துப் பதினஞ்சு நாளாக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"வூட்ல?"

"தெரிஞ்சா படிப்ப நிறுத்திப்புடுவாங்க. எனக்குக் கீழ இன்னும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது. ரத்தம் துப்பற வூட்ல எவன் வந்து பொண்ணெடுப்பான்?"

தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டேன். அங்கே அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் கம்பவுண்டராக இருந்தார். சீட்டு எழுதுவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்தாள். நான் விடவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "மேடம்கிட்ட சொல்லலாங்கா. மேடம் வந்து பேசுனா எங்கப்பா கேப்பாரு. வைத்தியம் பண்ணுங்க, படிப்ப நிறுத்தாதீங்கன்னு மேடம் சொன்னா தட்டமாட்டாரு. காலேஜ்ல சேக்கறப்பவே அவருக்கு மேடம் மேல அவ்ளோ மரியாத."

இருவரும் போனோம். அன்றைக்கு மேஜைமேல் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"கனகா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அட்டெண்டன்ஸ் குறைஞ்சுக்கிட்டே போகுது. இதுக்கு மேல லீவு போட்டா பரீட்சை எழுத முடியாது."

"அதத்தான் மேடம் சொல்ல வந்தேனுங்க. எனக்கு..."

கை எழுந்தது.

"காரணம் வேண்டாம்மா. காரணம் எல்லார்கிட்டயும் இருக்கு. நாளைலேருந்து ஒழுங்கா வருவீங்களா?"

கனகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு அடி முன்னால் போனேன். "மேடம், அவ சொல்றத கொஞ்சம் கேளுங்க மேடம்..."

அந்தக் கை அப்படியே என் பக்கம் திரும்பியது.

"உங்ககிட்ட நான் எதையாவது கேட்டிருக்கேனா?" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குச் செய்த நன்மையை நினைவுபடுத்துவதுபோலத்தான் இருந்தது. என் வாய் கட்டிப்போயிற்று.

கனகா தலையைக் குனிந்துகொண்டு, "வரேனுங்க மேடம்," என்றாள்.

சொன்னபடி வந்தாள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்தாள். காய்ச்சலோடு ரயில் ஏறி வந்தாள். மொரப்பூரில் இறங்கிப் பஸ் வரைக்கும் நடக்க என் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரி என்று நான் வாயைத் திறந்தாலே, "பரீட்சை முடியட்டுங்கா, சித்திரைல நானே அப்பாகிட்ட சொல்லிடறேன்," என்பாள். மறுபடியும் மேடத்திடம் போகலாம் என்று கூப்பிட்டால், "வேணாங்கா, வரேன்னு சொல்லிட்டேன்," என்பாள். கார்த்திகையில் ஒருநாள் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டு முடித்த மேடம் வகுப்பைப் பார்த்து, "கனகாவப் பாருங்க. காரணம் தேடாம இருந்தா வர முடியுது இல்ல?" என்றார். கனகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்குள் அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

மார்கழியில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அது நடந்தது. பதில் சொல்ல எழுந்தவள் பேச்சு வராமல் இருமினாள். முன்னால் இருந்த புத்தகமெல்லாம் சிவப்பாகிவிட்டது. பையன்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். மேடம்தான் வந்து அவளை இரண்டு கையாலும் தூக்கினார். அப்படித் தூக்கும்போதுதான் அவளுக்கு எடையே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். கல்லூரி முதல்வர் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, "எத்தன நாளா இருமல்?" என்று கேட்டார்.

"ஆடி மாசத்துலேருந்துங்க," என்றேன் நான்.

"இத வெச்சுக்கிட்டா காலேஜுக்கு வந்துட்டிருந்தா? யாரும் கவனிக்கலயா?"

"கொஞ்ச நாளா ஒரு நாள்கூட லீவு போடலங்க," என்றார் மேடம்.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து வந்திருந்தது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று அங்கிருந்த நர்ஸ் எங்கள் காதுபடவே சொன்னாள். சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மாசி மாதம் செத்துப்போனாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டு, "அவ வீட்டுக்குப் போகணும். வழி தெரியுமா?" என்று கேட்டார். இருவரும் பொம்மிடியில் இறங்கி வெயிலில் நடந்து போனோம். பனையோலைக் கூரை வீடு. முற்றத்தில் கொள்ளு காய்ந்துகொண்டிருந்தது. கனகாவின் அம்மா கோரைப்பாயை விரித்துப்போட்டு இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானுங்களா அந்த மேடம்? பாப்பா வூட்டுக்கு வந்தா உங்க பேச்சுத்தானுங்க. மேடம் மாதிரிதான் கொண்ட போடணும், மேடம் மாதிரிதான் பேசணும்னு..." அந்த அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள். "எங்ககிட்டதான் பயந்துக்கிட்டு சொல்லல. உங்ககிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா? சொல்லலீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மா மனசு சமாதானமாகத் தயாராக இருந்தது. நானே அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மேடத்தின் இரண்டு கையும் மடியில் கிடந்தன.

"சொல்ல வந்தா," என்றார். "என் ரூமுக்கு வந்து நின்னா. நான்தான் சொல்ல விடல."

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். "அப்படீன்னா என்னங்க?"

"காரணம் சொல்லாதேன்னு சொன்னேன். காலேஜுக்கு மட்டும் தவறாம வான்னு சொன்னேன். வந்தா."

கோழி ஒன்று கொள்ளைக் கொத்திக்கொண்டிருந்தது, அதை விரட்டவும் யாரும் எழவில்லை. பிறகு கனகாவின் அம்மா குனிந்து, நாங்கள் தொடாமல் வைத்திருந்த இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்ப வெளியே வரவில்லை.

"வண்டிக்கு நேரமாச்சுங்கம்மா. கெளம்புங்க," என்றார் அப்பா. வண்டி சாயங்காலம்தான். அது அவருக்கும் தெரியும்.

அதன்பிறகு அந்தக் கை எழுந்து நான் பார்க்கவில்லை. நாங்கள் மூன்றாம் வருஷம் வந்தபோது மேடம் வேறு ஆளாகிவிட்டிருந்தார். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால்கூடப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏன், என்ன ஆச்சு? முழுசா சொல்லுங்க," என்பார். பாதியில் நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். பையன்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. எருது கிணற்றில் விழுந்துவிட்டது என்று சொன்னவன் அடுத்த மாதமும் அதே எருதைக் கிணற்றில் தள்ளினான். அவர் அதையும் மோவாயில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பொய் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தடுக்கத்தான் முடியவில்லை. வருகைப் பதிவு சீர்குலைந்தது. முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்ததாகச் சொன்னார்கள். கைகாட்டி என்ற பெயரையும் பிள்ளைகள் மறந்துபோனார்கள்.

பெண்கள் அறைக்குள்ளும் வருவார். "ஏன் முகம் வாடியிருக்கு? காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். யாராவது தும்மினால் போதும், விடமாட்டார். பெண்கள் அவர் வரும் சத்தம் கேட்டால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எனக்கும்தான் பயமாக இருந்தது. என் முறை வரும் என்று தெரிந்திருந்தது.

பரீட்சைக்கு முன்னால் விட்டிருந்த படிப்பு விடுமுறையில் வந்தது. மைதானத்து ஓரம் மரத்தடியில் படித்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புல்லைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் போனாரு?"

ஊரே கேட்ட கேள்விதான். அவர் வாயிலிருந்து வந்தபோது நெஞ்சில் அடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லாத அளவுக்குச் சொன்னேன். அன்றைக்குக் காலையில் களி தின்றார், உனக்கும் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். சண்டை எதுவும் இல்லை. கடப்பாரை ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். புளியமரம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்டேஷனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அவ்வளவுதான்.

"ஏன்னு தெரியாதுங்க மேடம். இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"அவர் ஏதாவது சொல்ல வந்து, நீங்க கவனிக்காம விட்டிருப்பீங்களோ?"

"அதுவும் தெரியாதுங்க."

அவர் கிள்ளிய புல்லைக் கீழே போட்டார். "இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல," என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை. அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அதே வார்த்தையை நான் ஒருமுறை அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். அன்று அந்த அறையில் மேடத்தோடும் கனகாவோடும் இருந்தவள் நான் ஒருத்திதான். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் 'வரேனுங்க மேடம்' என்று கனகா தலையைக் குனிந்ததை நான் பார்த்திருந்தேன். புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மேடம்."

"ஆமா. கிளம்புங்க," என்றார்.

பரீட்சை முடிந்ததும் அவருக்குத் தெற்கே மாற்றல் வந்தது. அவரே கேட்டு வாங்கியது என்றார்கள். தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போனால் சுலபம். அவர் பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு மொரப்பூருக்கு வந்தார். சேதி கேட்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"சேலத்துக்கு பஸ்லயே போயிருக்கலாமேங்க மேடம்," என்றேன்.

பொம்மிடி வழியாகச் சேலம் போகும் பாசஞ்சர் வந்தது, கூட்டம் இல்லை. பெட்டியை ஏற்றிக்கொடுத்தேன். நிழலாக இருந்த பக்கம் அவருக்கு இடம் பிடித்து வைத்தேன். உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பொம்மிடில பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கமுங்க மேடம். வெயில் பக்கம்."

வண்டி நகர ஆரம்பித்தது. அவர் எழுந்து எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போனார். வெயிலுக்காக யாரோ இறக்கிவிட்டிருந்த மரக்கதவை இரண்டு கையாலும் தூக்கி மாட்டினார். பொம்மிடி ஸ்டேஷனில் யார் நின்றாலும் தன் முகம் தெரிகிற மாதிரி, ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.